விண்ணப்பம் போகும் வழி

1989ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி பழைய வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருவண்ணாமலையில், ஆரணியில் பட்டு நெசவும் செய்யாற்றில் தொழிற்பேட்டையும் இருந்தபோதிலும், செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம், கீழ்பென்னாத்தூர் முதலிய வட்டங்களில் ஏரியையும் கிணற்றையும் பருவமழையையும் நம்பி உழுது வாழும் குடும்பங்களே மிகுதி. அவ்வீடுகளில் படித்துத் தேறிய ஒரு பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் கிடைப்பது அவனொருவனுடைய சம்பாத்தியம் என்ற அளவில் நின்றுவிடுவதில்லை; பழைய கடன் அடைவதும், தங்கையின் கல்யாணம் ஆவதும், தம்பி மேலே படிப்பதும் அதனோடு பிணைந்து நிற்கின்றன. மறுபுறத்தில், கிராம நிர்வாக அலுவலரின் நாற்காலி காலியாகக் கிடக்குமானால், பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் அலைகிற குடியானவன், அடுத்த கிராமத்தையும் சேர்த்துக் கவனிக்கும் அலுவலர் என்றைக்கு வருவார் என்று விசாரித்துக்கொண்டு நடக்க வேண்டியதாகிறது. ஆகவே, ஓர் இடம் காலியாவதற்கும் அதில் ஓர் ஆள் வந்து அமர்வதற்கும் இடையே கழிகிற காலம், உத்தியோகம் தேடுகிறவனுடைய கவலை மட்டுமன்று, ஊராருடைய கவலையுமாகும்.

அந்தக் காலத்தைக் குறைப்பதற்குக் கைக்கொள்ளப்பட்ட உபாயங்களுள் இணையவழி விண்ணப்பமும் ஒன்று. அதனால் விளைந்த நன்மை எத்தகையது, எந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது பயனுடையது.

பரீட்சை வைத்து ஆள் எடுக்கும் முறையில் நம் மாகாணம் மற்றவற்றுக்கு முந்தியது. இந்தியாவின் மாகாணங்களுள் முதன்முதலாகத் தேர்வாணையம் ஏற்பட்டது சென்னையிலேதான். சட்டசபையில் நிறைவேறிய சட்டத்தின்படி 1929ஆம் ஆண்டில், தலைவர் உள்பட மூவர் அடங்கிய சென்னை சர்வீஸ் கமிஷன் அமைந்தது. அதன் வழிவந்ததே இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். அப்படியிருந்தும், கிராமத்து மக்கள் நாள்தோறும் காணுகிற கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் மட்டும் வெகுகாலம் வம்ச பாத்தியதையின் நிழலிலேயே இருந்துவந்தன. 1980ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. உச்சநீதிமன்றமும் 1982இல் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. அவ்விடங்களுக்குக் கிராம நிர்வாக அலுவலர் என்னும் முழுநேர உத்தியோகம் உண்டாகி, அதற்கு ஆணையத்தின் பரீட்சையே வாயில் என்றான பிறகுதான், பரம்பரையில் இடமில்லாத வீட்டுப் பிள்ளைகள் அந்நாற்காலியை உரிமையோடு நினைத்துப் பார்க்க முடிந்தது. 2018 முதல் அந்தப் பதவியும் இளநிலை உதவியாளர், தட்டச்சர் பதவிகளோடு சேர்ந்து, குரூப் 4 என்று எல்லோரும் சொல்லும் ஒரே தேர்வில் அடங்கியிருக்கிறது.

இணையவழி வருவதற்கு முந்திய நாட்களில் விண்ணப்பம் என்பது காகிதம். தலைமைத் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று படிவம் வாங்கி, கட்டணத்தைச் செலுத்தி, சான்றிதழ்களின் நகலில் கெஜட்டட் அதிகாரி ஒருவரிடம் கையொப்பம் பெற்று, உறையிலிட்டுப் பதிவுத் தபாலில் சென்னைக்கு அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா, ஏற்கப்பட்டதா, தள்ளுபடியாயிற்றா என்பது தெரியாமல் மாதக் கணக்கில் காத்திருந்தவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. சென்னையிலும் வேலை எளிதன்று. இருபது இலட்சம் உறைகள் வந்திறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஓர் உறையைப் பிரித்துப் பார்த்துப் பதிவு செய்ய ஒரே ஒரு நிமிஷம் போதும் என்று மிகவும் தாராளமாகக் கணக்கிட்டாலும், நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் இடைவிடாது உழைக்கும் நூறு குமாஸ்தாக்களுக்கு அது நாற்பத்தெட்டு நாள் வேலை. இருபது இலட்சம் என்பது மிகைப்படுத்திய எண்ணுமன்று. 2022ஆம் ஆண்டின் குரூப் 4 தேர்வுக்கும் 2024ஆம் ஆண்டின் தேர்வுக்கும் விண்ணப்பித்தவர்கள் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களே. இணையவழி முறை அந்த நாற்பத்தெட்டு நாளையும் ஒரேயடியாகத் துடைத்துவிட்டது என்றால் அது வெறும் புகழ்ச்சியாகாது. ஒருமுறைப் பதிவு என்ற ஏற்பாட்டின்படி, 150 ரூபாய் செலுத்திப் பெயர், பிறந்த தேதி, படிப்பு, வகுப்பு முதலிய விவரங்களை ஒருதரம் பதிந்து வைத்துவிட்டால் ஐந்தாண்டுகளுக்கு அது செல்லும்; ஒவ்வொரு தேர்வுக்கும் அடிப்படை விவரங்களை மறுபடி எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. விண்ணப்பத் தேதி முடிந்தபின் தவறுகளைத் திருத்திக்கொள்ளச் சில நாள் அவகாசமும் தரப்படுகிறது. உறையிலிட்ட காகிதத்தில் நேர்ந்த பிழைக்கு அப்படியொரு பரிகாரம் இருந்ததேயில்லை.

ஆனால் வாசகர்கள் ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி நடந்த குரூப் 4 தேர்வின் முடிவு 2023 மார்ச் 24ஆம் தேதிதான் வந்தது. சரியாக எட்டு மாதம். 2024 ஜூன் 9ஆம் தேதி எழுதியவர்களுக்கு அக்டோபர் 28ஆம் தேதியே முடிவு தெரிந்துவிட்டது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 2025 ஜூலை 12ஆம் தேதித் தேர்வின் முடிவோ அவ்வாண்டு அக்டோபரிலேயே வெளிவந்தது. மூன்று தேர்வுகளுக்கும் விண்ணப்பம் இணையவழியேதான். விண்ணப்பம் பெறும் முறை மாறாதிருக்க, முடிவு வரும் காலம் மட்டும் இப்படிக் குறைந்துகொண்டே வந்திருக்கிறதென்றால், விரைவின் இரகசியம் விண்ணப்பத்துக்கு அப்பாலும் எங்கோ இருக்கிறது என்பது வெளிப்படை.

2022ஆம் ஆண்டுத் தாமதத்தின் காரணங்களைத் தேடினால் இராமேசுவரத்துக்கும் கீழக்கரைக்கும் போக வேண்டும். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் அவ்விரு மையங்களிலும் எழுதியவர்கள் பலர் வியக்கத்தக்க மதிப்பெண் பெற்றிருப்பதைக் கண்டு ஐயுற்று விசாரித்தபோது, சிறிது நேரத்தில் மறைந்துபோகும் மையினால் விடைகளைக் குறித்துவிட்டுப் பின்னர் இடைத்தரகர்களின் துணையால் சரியான விடைகள் நிரப்பப்பட்ட மோசடி 2020 ஜனவரியில் அம்பலமாயிற்று. தொண்ணூற்றொன்பது பேர் வாழ்நாள் முழுவதும் ஆணையத்தின் தேர்வெழுதத் தடைசெய்யப்பட்டார்கள். நேர்மையாக இரவு பகல் படித்த ஏழைப் பிள்ளைகளின் நெஞ்சில் அந்தச் செய்தி உண்டாக்கிய புண் இன்னும் முழுவதும் ஆறவில்லை என்பதை, பயிற்சி வகுப்புகளில் அவர்களோடு பேசிப் பார்ப்பவர்கள் அறிவார்கள். அதன் பின்னர் ஆணையம் ஆதார் எண்ணை இணைக்கச் செய்தது; கைரேகை பெறலாயிற்று; எழுதியவர் யாரென்பது திருத்தும் இடத்தில் தெரியாதபடி, சொந்த விவரங்களையும் விடைகளையும் தனித்தனிப் பாகமாக்கி விடைத்தாளை அமைத்தது. பதினெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய 2022ஆம் ஆண்டுத் தேர்வில் ஒவ்வொரு தாளின் இரு பாகங்களையும் தனித்தனியே கணினியில் ஏற்றிப் பொருத்திப் பார்க்க வேண்டியதாயிற்று. நம்பிக்கையை மீட்பதற்காகச் செலவான காலத்தை வீண் காலம் என்று நான் சொல்லமாட்டேன். விரைவும் நேர்மையும் மோதுமிடத்தில் நேர்மையின் பக்கம் நின்ற ஆணையம், அடுத்த இரு தேர்வுகளில் அதே காப்புகளை வைத்துக்கொண்டே நாட்களைக் குறைத்தும் காட்டியது.

இனி, விண்ணப்பிப்பவரின் பக்கம் வருவோம். 2025 மே மாதத்தில், குரூப் 4 விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்திய மாலையில், வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகேயுள்ள ஒரு பிரவுசிங் சென்டரில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐந்து கணினி, வாசல்வரை கூட்டம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கும் அப்பாலிருந்து காலைப் பேருந்தில் புறப்பட்டு வந்திருந்த பெண்ணொருத்தி, மடியில் உறங்கும் குழந்தையோடு, முறைக்காகக் காத்திருந்தாள். அவள் கொண்டுவந்த புகைப்படம் ஆணையம் கேட்கும் 20 முதல் 50 கேபி அளவுக்குள் அடங்கவில்லை. கடைக்காரப் பையன் அதைச் சுருக்கினான். கையெழுத்துப் படம் மங்கலாக இருந்தது. மறுபடி வெள்ளைத்தாளில் போடச் சொன்னான்.

"அக்கா, ஓ.டி.பி. வந்துச்சா பாருங்க."

"அந்த நம்பரு எங்க வீட்டுக்காரரு போன்லப்பா இருக்குது. அவரு பெங்களூருல வேலையில இருக்காரு."

பையன் சலித்துக்கொள்ளவில்லை. அவளிடமிருந்து எண்ணை வாங்கித் தன் போனிலேயே கூப்பிட்டான். முதல் தடவை கணவன் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை அவன் எண்களை வாசித்துச் சொல்வதற்குள் காலம் கடந்துவிட்டது. மூன்றாம் தடவையே கதவு திறந்தது. அதற்கப்புறமும் வேலை முடியவில்லை. ஆதாரில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருந்தது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் முன்னால் இருந்தது. எதைப் போடுவது என்று இருவரும் யோசித்தார்கள். பழங்குடியினருக்குத் தேர்வுக் கட்டணம் முழுவதும் விலக்கு என்பதை அவன் அறிந்திருந்து சரியான இடத்தில் குறித்தான். பக்கத்தில் நின்ற இளைஞர் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். அவர் வகுப்புக்குக் கட்டணமில்லா வாய்ப்பு மூன்று முறைதான். தாம் அதை எத்தனை முறை பயன்படுத்தினோம் என்பது அவருக்கு நினைவில்லை. அதைத் தவறாகச் சொன்னால் விண்ணப்பமே தள்ளுபடியாகக்கூடும். முந்திய விண்ணப்பங்களின் விவரம் அதே தளத்தில் இருக்கிறதென்பதைப் பையன் காட்டிய பிறகே அவர் முகம் தெளிந்தது.

அந்தப் பையனுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுப்பதில்லை. அவனுக்கு யாரும் பயிற்சியளித்ததுமில்லை. ஆனால் இந்த மாவட்டத்தின் மலையிலும் சமவெளியிலும் வாழும் ஆயிரக்கணக்கான விண்ணப்பதாரர்களுக்கும் ஆணையத்துக்கும் இடையே இருக்கிற ஒரே பாலம் அவனைப் போன்றவர்களேயாவர். அவன் ஒரு கட்டத்தில் தவறான எழுத்தை அழுத்தினால், ஓராண்டுப் படிப்பு சான்றிதழ் சரிபார்ப்பில் வீணாகிவிடும். தபால் நிலையத்து வரிசை ஒழிந்தது என்று மகிழ்கிற நாம், அந்த வரிசை இங்கே இடம் மாறி நிற்பதையும் பார்க்க வேண்டும்.

மேல்நாட்டிலும் இதே அனுபவம் உண்டு. அமெரிக்காவில் மத்திய அரசாங்க வேலைகளுக்கு இணையத்தளம் வெகுகாலமாக இருந்துங்கூட, ஆள் சேர்ப்பதில் மாதங்கள் ஓடின. விண்ணப்பிக்கும்போதே தம் அறிவையும் திறமையையும் விவரித்து நீண்ட கட்டுரைகள் எழுதித் தர வேண்டுமென்ற விதி தகுதியுள்ளவர்களையும் திருப்பியனுப்பியது. 2010 மே 11ஆம் தேதி ஜனாதிபதி ஒபாமா பிறப்பித்த உத்தரவு, முதற்கட்டத்திலேயே அக்கட்டுரைகளைக் கேட்பதை நிறுத்தச் சொன்னது. ஓர் இடத்தை எண்பது நாளில் நிரப்புவது என்ற இலக்கையும் அந்நாட்டுப் பணியாளர் நிர்வாகத் துறை வகுத்தது. அங்கே உதவியது இயந்திரத்தைப் புதுப்பித்ததைக் காட்டிலும், எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்று கேள்வியைத் திருத்தியதே.

நம்மிடத்திலும் திருத்த வேண்டியது அதுவே என்பது என் திடமான அபிப்பிராயம். தேர்வில் தேறியவரிடம் சாதிச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் பதிவேற்றச் சொல்கிறோம். முன்போல் எல்லோரும் முதற்கட்டத்திலேயே சென்னைக்கு ஓடாமல், கணினிவழியே சான்றிதழ் சரிபார்க்கும் முறை வந்தது மிகவும் நல்லதே. ஆயினும் அச்சான்றிதழ்களைத் தந்தது யார்? சாதிச் சான்றைக் கொடுத்தது வருவாய்த்துறை, இ-சேவை மையத்தின் மூலமாக. மதிப்பெண்ணைக் கொடுத்தது அரசுத் தேர்வுகள் இயக்ககம். இரண்டும் அரசாங்கத்தின் கணினியிலேயே இருக்கின்றன. அரசாங்கம் தன் கையிலுள்ள காகிதத்தையே குடிமகன் மூலம் தனக்குத்தானே அனுப்பச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்கிறது. தமிழ்வழிக் கல்விச் சான்றின் கதை இன்னும் கடினம். தமிழ்வழியில் படித்தோருக்கு இருபது சதவீத ஒதுக்கீடு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2020இல் திருத்தப்பட்ட பிறகு, ஒன்றாம் வகுப்பு முதலே தமிழில் படித்திருக்க வேண்டும். விதி நியாயமானதே. ஆனால் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்துவரை ஒரு பள்ளியிலும், எட்டுவரை வேறொன்றிலும், பத்தாவதை மற்றொன்றிலும் படித்தவர், இத்தனை தலைமையாசிரியர்களிடமும் சென்று கையொப்பம் பெற வேண்டும். பழைய பதிவேடு அகப்படாத ஊரில் அவர் பாடு பெரும்பாடு.

இந்தச் சரிபார்ப்பை ஒருமுறைப் பதிவின் போதே, தேர்வுக்கு வெகுமுன்னதாக, துறைகள் தமக்குள் கணினி வழியாகவே முடித்துவிடுமாயின், தேர்வு முடிந்த மறுநாள் முதல் எஞ்சியிருப்பது மதிப்பெண் வரிசையும் இடஒதுக்கீட்டுக் கணக்குமே. அறுபத்தொன்பது சதவீத வகுப்பு ஒதுக்கீடு, மகளிருக்கு முப்பது, மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு, தமிழ்வழியினருக்கு இருபது என்று ஒன்றினுள் ஒன்றாக அமைந்த அக்கணக்கைப் போடுவதற்குக் கணினிக்கு அதிக நேரம் பிடிக்காது. நாள் பிடிப்பவை வேறு: விடைக்குறிப்பை எதிர்க்கும் மனுக்கள், நீதிமன்ற வழக்குகள், தங்களிடம் எத்தனை இடம் காலி என்பதைத் துறைகள் தாமதமாகத் தெரிவிப்பது. 2025ஆம் ஆண்டுக் குரூப் 4 அறிவிப்பு 3,935 இடங்களுக்கே வந்தது. 2022லும் 2024லும் அறிவிப்புக்குப் பிறகே ஆயிரக்கணக்கான இடங்கள் கூடின. காலியிடக் கணக்கு முன்கூட்டியே திரளாதவரை ஆள் சேர்ப்பில் எந்தத் தளமும் முழு விரைவு தராது.

திருவண்ணாமலை கோயில் நகரமாதலால் இதையும் சொல்லவேண்டும். அறநிலையத்துறையின் செயல் அலுவலர்களை ஆணையமே தேர்வு வைத்து எடுக்கிறது. ஆனால் கோயில்களின் காவலர், பெருக்கித் துப்புரவு செய்யும் திருவலகு போன்ற பணிகளுக்கோ இன்றும் படிவத்தை நிரப்பித் தபாலில் அனுப்பும் பழைய வழியே பெரும்பாலும் நடைமுறை. இணையம் அறியாத எளியோருக்கு அது சௌகரியமே என்பதால், அதை அவசரப்பட்டு மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசமாகப் பாடம் நடத்துகிறது. விண்ணப்பம் திறந்திருக்கும் அந்த ஒரு மாதமும், வட்டாட்சியர் அலுவலகங்கள் ஒவ்வொன்றிலும், முதன்மையாக ஜமுனாமரத்தூரில், பயிற்சி பெற்ற ஒருவரை ஒரு கணினியோடு அமர்த்தி, விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, அனுப்புவதற்கு முன் ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டும் ஏற்பாட்டை வேலைவாய்ப்பு அலுவலகமே மேற்கொள்ளலாம். அதற்குப் புதிய சட்டமோ பெருந்தொகையோ வேண்டியதில்லை, ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும்.