பாட்டுக்கு ரெண்டு ஸ்பீக்கர் போதுமா, ஆறு வேணுமா?

ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால், பட்ஜெட் 20,000 ரூபாய். ஸ்டீரியோ வாங்கலாமா, 5.1 சரவுண்டா?

பெரும்பாலும் பாட்டுதான் கேட்பீங்க என்றால், ஸ்டீரியோ. 'ப்ரியா' (1978) காலத்தில் தமிழ் சினிமாவுக்கு வந்த அந்த இடது, வலது சேனல்தான் இன்றும் பாட்டுகளின் அடிப்படை வடிவம். அதை ஆறு பெட்டியில் பிரித்து விட்டாலும் புதுசா எதுவும் கேட்காது. 20,000 ரூபாயும் ஆறாகச் சிதறி, ஒவ்வொரு பெட்டியும் சுமாராகத்தான் இருக்கும்.

வாங்கியதும் பலர் ஸ்பீக்கரை மூலையில் தள்ளிவிடுகிறார்கள். அங்கே பாஸ் 'பூம்' என்று வீங்கும். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி, காது உயரத்தில் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கர், உங்கள் நாற்காலி மூன்றும் சமபக்க முக்கோணமாக இருந்தால், பாடகர் குரல் நட்ட நடுவில் நிற்கும். வெறும் சிமென்ட் சுவர் எதிரொலிக்கிறதா? கனமான திரையும் ஜமுக்காளமும் போதும்.

சினிமா கதை வேறு. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தது. இப்போ ஓடிடியிலேயே 5.1 கிடைக்குது. வசனம் தெளிவாக வர நடு ஸ்பீக்கர் உதவும். ஆனால் சோபா சுவரை ஒட்டியிருந்தால் பின்பக்க ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. (மலையில் சில்வண்டு சரவுண்ட் இலவசம்!)

ரெண்டும் வேணுமா? பட்ஜெட்டைக் கூட்டி, ஏவி ரிசீவருடன் இரண்டு ஸ்பீக்கரில் தொடங்குங்கள். மற்றதைப் பிறகு சேர்க்கலாம்.