ரூட்டர் வாங்கும் முன்: இரண்டு ஐஎஸ்பி, ஒரு மில்லியன் ரூட்

போன எபிசோட்டில் பிஜிபி பற்றிப் பேசியதும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: "ரூட்டிங் டேபிள் பெரிசானா என்ன அண்ணா? மெமரி கூடப் போட்டா சரிதானே?" சரியில்லை. ஏன் என்று பார்க்க 2014 ஆகஸ்ட் 12-க்குப் போக வேண்டும்.

அன்றைக்கு வெரைசன் நெட்வொர்க்கிலிருந்து சுமார் 15,000 சின்ன பிரிஃபிக்ஸ்கள் திடீரென்று வெளியே வந்தன. கொஞ்ச நேரத்தில் திரும்பப் பெற்றும் விட்டார்கள். ஆனால் அதற்குள் உலக ஐபிவி4 டேபிள் 512கே எல்லையைத் தொட்டுவிட்டது. சிஸ்கோவின் பழைய 6500, 7600 வகை ரூட்டர்கள் பலவற்றில் ஐபிவி4-க்கு ஒதுக்கிய இடமே அவ்வளவுதான். ஈபே உட்படப் பல தளங்கள் அன்று தடுமாறின.

ரூட்டருக்குள் இரண்டு பட்டியல் இருக்கு. பிஜிபி கேட்டறிந்த எல்லா வழிகளும் ஒன்றில். அது சாதாரண ரேம், விலை மலிவு. தெரிவான வழிகள் மட்டும் இன்னொன்றில். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பார்க்கப்படுவது இதைத்தான். அந்த சிஸ்கோ பெட்டிகளில் இது டிகேம் என்ற தனிச் சிப்பில் இருந்தது. எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிடும். வேகம் அசாத்தியம், ஆனால் விலையும் சூடும் அதிகம். நினைத்தபடி கூட்டவும் முடியாது. நிரம்பிவிட்டால் மிச்சத்தைச் சிபியூ சுமக்கும், அது தாங்காது. ஒரு கட்டளை போட்டு ரீபூட் செய்தால் பங்கீட்டை மாற்றலாம்தான். ஆனால் ஐபிவி4-க்குக் கூட்டினால் ஐபிவி6-க்குக் குறையும்.

டேபிள் ஏன் வளருது? கனடாவில் இருப்பவர்களுக்குச் சுலபமாகப் புரியும். வன்கூவரில் தபால் பிரிப்பவருக்கு, எம் என்று தொடங்கும் போஸ்டல் கோட் எல்லாம் ரொறன்ரோ என்று தெரிந்தால் போதும், ஸ்காபரோவில் எந்தத் தெரு என்று தேவையில்லை. இணையமும் அப்படித்தான்: ஐஎஸ்பி தன் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் ஒரே பெரிய பிரிஃபிக்ஸாக அறிவிக்கும். ஆனால் ஒரு கம்பெனி இரண்டு ஐஎஸ்பி எடுத்து, தன் /24-ஐ இரண்டு பக்கமும் அறிவிக்கும்போது அந்த மூட்டைக்குள் கட்ட முடியாது. முழு டேபிள் வைத்திருக்கும் ஒவ்வொரு ரூட்டரிலும் அதற்கென்று ஒரு வரி ஏறும். இதுதான் மல்டிஹோமிங். வரும் டிராஃபிக்கைச் சமப்படுத்த ஒரு /22-ஐ நான்கு /24-ஆக உடைப்பவர்களும் உண்டு. அது அடுத்தவன் காசில் விருந்து வைக்கிற மாதிரி. ஏஎஸ் பாத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் உடைக்க வேண்டும்.

எனக்கு ஒரு கிளையன்ட், கிடங்கு வைத்திருப்பவர்கள். இரண்டு ஐஎஸ்பி இருப்பதால் முழு டேபிள் வேணும், அதனால் பெரிய ரூட்டர் வாங்க வேணும் என்று யாரோ சொல்லி, கொட்டேஷனும் வந்திருந்தது. வேண்டாம் என்றேன். உங்கள் /24 உலகத்துக்குத் தெரிவது நீங்கள் அனுப்பும் அறிவிப்பால்தான். நீங்கள் எத்தனை ரூட் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அப்ப இரண்டு பக்கமும் டீஃபால்ட் ரூட் மட்டும் போதுமா? சின்ன ஆபீஸுக்குப் போதும். ஆனால் ஐஎஸ்பிக்கு அப்பால் எங்கோ வழி அறுந்தாலும், இங்கே லிங்க் பச்சையாகவே இருக்கும், டீஃபால்ட்டும் வந்துகொண்டே இருக்கும். பாக்கெட் போய் பள்ளத்தில் விழும். அதனால் நான் இடைப்பட்ட வழியை எடுத்தேன்: ஒவ்வொரு ஐஎஸ்பியிடமும் அவர்களுடைய சொந்த ரூட், அவர்களது வாடிக்கையாளர்களின் ரூட், கூடவே ஒரு டீஃபால்ட். மீதி எதுவும் வேண்டாம். எந்தப் பக்கம் கிட்ட என்று தெரியும். பழைய ரூட்டரும் தாங்கும். அப்பாலான அறுப்பு முழுக்கத் தெரியாதுதான், அதற்கு வெளியே சில முகவரிகளைப் பிங் செய்யும் மானிட்டரிங் வைத்தேன்.

இன்னொன்று, பிஜிபி செஷனுக்கு மேக்ஸ் பிரிஃபிக்ஸ் எல்லை போடுங்கள். ஐஎஸ்பி தவறி முழு டேபிளைத் தள்ளினால் ரூட்டர் நிரம்பும் முன் அந்த செஷன் மட்டும் மூடும். 80 சதவீதத்திலேயே எச்சரிக்கை வர வையுங்கள்.

உண்மையிலேயே முழு டேபிள் வேண்டியவர்கள், டேட்டாஷீட்டில் ரேமைப் பார்க்காதீர்கள், எஃப்ஐபி கொள்ளளவைப் பாருங்கள். ஐபிவி4 இப்போது ஏறக்குறைய ஒரு மில்லியன், ஐபிவி6 2 லட்சத்துக்கு மேல். ஐபிவி6 வரி ஒன்று இரண்டு மடங்கு இடம் பிடிக்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.