இடம் மாறாத துளைகள்

பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டைக் காயலான் கடையில் இரும்பு விலைக்குத்தான் எடுப்பார்கள். உள்ளே இருந்த மதர்போர்டும் புராசசரும் காலாவதியாகிவிட்டன, வெறும் பெட்டியை வைத்து என்ன செய்வது என்று வீட்டிலும் கேட்பார்கள். அந்த மதர்போர்டைக் கழற்றி எடுத்தபின் உள்தட்டில் நிற்கும் சின்னச் சின்னப் பித்தளைத் தூண்களைப் பாருங்கள். அவை எங்கெங்கே நிற்க வேண்டும் என்பதை இன்டெல் நிறுவனம் 1995-இல் ஏ.டி.எக்ஸ். என்ற தர அளவாக வகுத்தது. முழு அளவு போர்டு 305 மி.மீ.க்கு 244 மி.மீ. பின்பக்கம் யு.எஸ்.பி. போன்ற இணைப்புகள் எட்டிப்பார்க்கும் நீள்சதுரத் திறப்பு 158.75 மி.மீ.க்கு 44.45 மி.மீ. கார்டுகள் நிற்கும் ஸ்லாட்டுகளுக்கு நடுவே 20.32 மி.மீ. மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் முகப்பு 150 மி.மீ.க்கு 86 மி.மீ. மெமரி மாறியது, புராசசர் சாக்கெட் மாறியது, டிஸ்க் கேபிள் மாறியது. இந்த அளவுகள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. பிறகு வந்த மைக்ரோ ஏ.டி.எக்ஸ்., மினி ஐ.டி.எக்ஸ். போர்டுகளும் பெரும்பாலும் இதே துளைகளில் சிலவற்றைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே 1990களின் கடைசியில் வாங்கிய பெட்டியில், நேற்று சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய போர்டைத் திருகி மாட்ட முடியும்.

மாட்டலாம் என்றாலும், ஓட்டிப் பார்த்தால் மூச்சு முட்டும். அந்தப் பெட்டி குறைந்த வெப்பத்துக்கென்று செய்யப்பட்டது. அதை வீட்டிலேயே வெட்டித் திருத்திக்கொள்ளலாம். கை டிரில்லும் அரமும் பொறுமையும் போதும். வெட்டும் முன் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அந்தத் தகரப் பெட்டி ஒரே சமயத்தில் காற்றுக்கு வழி விடுகிறது, ரேடியோ அலைக்கு வழி மறிக்கிறது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்புகிறது. எங்கே வெட்டினாலும், எங்கே பெயிண்ட் அடித்தாலும் இந்த மூன்றில் ஒன்றின்மேல் கை வைக்கிறோம்.

காற்றிலிருந்து தொடங்குவோம். 1981-இல் வந்த ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டரின் 8088 புராசசருக்கு வெப்பத்தை வாங்கிப் பரப்பும் உலோகத் தகடுகூட மேலே கிடையாது. அதே வம்சத்தில் வந்த பெண்டியம் 4 புராசசர்களில் சில, 2004-இல் 115 வாட்டை எட்டின. அந்தக் காலத்துக் கேபினெட்டுகள் பலவற்றின் பக்கக் கதவில் உள்பக்கமாக ஒரு பிளாஸ்டிக் புனல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றை நேராகப் புராசசர் விசிறிக்குக் கொண்டுபோக இன்டெல் பரிந்துரைத்த ஏற்பாடு அது. அறை 35 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது, புராசசர் விசிறியைச் சேரும் காற்று 38 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது அதன் இலக்கு. மே மாத மதியத்தில், ஏ.சி. இல்லாத சென்னை அறை அந்த 35-ஐ எளிதாகத் தாண்டிவிடும். அதனால்தான் கேபினெட்டைத் திருத்துவதை நம் ஊரில் அலங்கார வேலையாக மட்டும் நான் பார்ப்பதில்லை.

எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு கிலோ காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 1005 ஜூல் ஆகும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை, நம் வெயிலில், சுமார் 1.15 கிலோ. முழு வேலையில் 200 வாட் வெப்பம் விடும் கணினிக்குள் புகும் காற்று, 10 டிகிரி மட்டுமே சூடேறி வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் நொடிக்கு 17 லிட்டர் வருகிறது. சாதாரண டவர் கேபினெட்டின் மொத்தக் கொள்ளளவே 35 லிட்டர்தான். இரண்டே நொடிக்கு ஒருமுறை பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுவதும் மாறியாக வேண்டும்! மேசைக்குக் கீழே அசையாமல் நிற்கும் பெட்டி இவ்வளவு வேகமாகக் காற்று மாற்றுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பழைய கேபினெட்டுகளில் பெரும்பாலும் 80 மி.மீ. விசிறிக்குத்தான் இடம் இருக்கும். அதற்குப் பதில் 120 மி.மீ. விசிறி வைத்தால் என்ன ஆகும்? விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் சுழற்சி வேகத்தையும், விட்டத்தின் மும்மடியையும் பொறுத்தது. விட்டம் ஒன்றரை மடங்கானால் மும்மடி 3.375. ஒரே வடிவமைப்புள்ள இறக்கைகள் என்றால், சின்ன விசிறி நிமிடத்துக்கு 2400 சுற்றில் தள்ளும் காற்றைப் பெரியது 710 சுற்றிலேயே தள்ளிவிடும். சத்தம் வேகத்தோடு மிகச் செங்குத்தாக ஏறுவதால், இந்த மாற்றத்தில் 10 டெசிபெல்லுக்கும் மேல் குறைகிறது. காதுக்கு அது பாதிச் சத்தமாகக் கேட்கும். அறையில் ஒருவர் தூங்க இன்னொருவர் வேலை செய்யும் வீடுகளில் இதன் அருமை தெரியும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி கொடுக்கும் அழுத்தம், சின்னது வேகமாகச் சுற்றும்போது கொடுப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். எதிரே தடை இருந்தால் அது தோற்றுவிடும். அந்தத் தடை பழைய கேபினெட்டில் விசிறிக்கு முன்னாலேயே இருக்கிறது: தகட்டிலேயே வரிசையாகக் குத்திய சிறு ஓட்டைகள். பல பெட்டிகளில் அந்த வட்டத்தில் திறப்பைவிடத் தகரமே அதிகம். திறப்பு பாதியானால் காற்றின் வேகம் இரட்டிப்பாக வேண்டும், அழுத்த இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே ஒரே ஒரு வெட்டுதான் வெட்ட முடியும் என்றால், குத்துத் துளைகள் உள்ள அந்த வட்டத்தை வெட்டி எறிந்துவிட்டு கம்பி கிரில் மாட்டுங்கள் என்பேன். முகப்பிலிருந்து உள்ளே ஒன்று, பின்பக்கத்திலிருந்து வெளியே ஒன்று என இரண்டு பெரிய விசிறிகள் போதும். முன்னால் காலியாகக் கிடக்கும் சி.டி. டிரைவ் அறைகளையும் ஹார்ட் டிஸ்க் கூண்டையும் ரிவெட் நீக்கி எடுத்துவிட்டால், காற்று தடையின்றி ஓடும்; நீளமான கிராபிக்ஸ் கார்டுக்கும் இடம் கிடைக்கும்.

மேல்தட்டில் துளை போட்டால் சூடு தானே ஏறிப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். சூடான காற்று மேலே போவது உண்மைதான், ஆனால் எவ்வளவு பலத்தோடு? 40 செ.மீ. உயரப் பெட்டியில் 10 டிகிரி வித்தியாசம் தரும் உந்துதல் வெறும் 0.15 பாஸ்கல். சாதாரண 120 மி.மீ. விசிறி 10 முதல் 20 பாஸ்கல் வரை தரும். விசிறியின் ஐம்பதில் ஒரு பங்கு பலம்கூட இல்லாத சக்தியை நம்பி மேல்தட்டைத் திறந்தால், விசிறி ஓடாத நேரம் முழுக்கத் தூசிதான் இறங்கும். மேல் துளைக்கு ஒரு வரலாறு உண்டு. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ புராசசரை, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்திலிருந்து 100-க்கு ஏற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் விலையில் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. வேகம் ஒன்றரை மடங்கானால் வெப்பமும் அதே விகிதத்தில் ஏறும்; மின்னழுத்தத்தைக் கூட்டினால் அதன் இருமடிக்கேற்ப இன்னும் ஏறும். அந்தச் சூட்டை வெளியேற்றத் துடித்த ஆர்வலர்கள்தான் டிரில்லை எடுத்துப் பெட்டியின் தலையில் துளைபோட்டு விசிறி வைத்தார்கள். பக்கக் கதவில் அக்ரிலிக் ஜன்னலும் வண்ண விளக்குகளும் அதைத் தொடர்ந்து வந்தன.

வேலை முடிந்தபின் காற்று எங்கே போகிறது என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். பெட்டியின் இடுக்குகளில் காட்டினால் புகை உள்ளே இழுபடுகிறதா, வெளியே தள்ளப்படுகிறதா என்று கண்ணுக்குத் தெரியும். உள்ளே தள்ளும் விசிறி கொஞ்சம் வலுவாக இருந்தால் இடுக்கெல்லாம் காற்று வெளியேறும், தூசி வடிகட்டி வழியாக மட்டுமே உள்ளே வர முடியும். நம் ஊர்த் தூசிக்கு அதுதான் நல்லது.

இனி வெட்டு. போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., ஒயர் என ஒன்று விடாமல் கழற்றி, பெட்டியை வெறுமையாக்கிய பிறகே டிரில்லைத் தொட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு இரும்புப் பிசிறு போர்டின் இரண்டு கால்களுக்கு நடுவே விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றலாம், ஆனால் அதன் மூடியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட்டை நேர்மின்னாக்கிச் சேர்க்கும் மின்தேக்கியில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கும். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் வட்டம் வரைந்து, நடுவில் பஞ்ச் அடித்துவிட்டு ஹோல் சா வைத்து மெதுவாக இறக்கலாம். வெட்டும்போது பாதுகாப்புக் கண்ணாடியும், வெட்டிய ஓரத்தைத் தொடும்போது கையுறையும் கட்டாயம். ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு உப்புத்தாள் போட வேண்டும். கிரைண்டரை நான் தவிர்ப்பேன். இந்தத் தகட்டின் மேல் துத்தநாகப் பூச்சு உண்டு, கிரைண்டரின் சூடு அதைக் கருக்கிவிடும். துத்தநாகப் புகை உடம்புக்கும் ஆகாது.

தகட்டின் கனத்தையும் தொட்டுப் பாருங்கள். நல்ல பழைய பெட்டிகளில் அது ஒரு மி.மீ. இருக்கும், இன்றைய மலிவுப் பெட்டிகளில் அரை மி.மீ. கூட உண்டு. வளையாமல் நிற்கும் திறன் கனத்தின் மும்மடியாக ஏறுவதால், இரட்டைக் கனம் என்றால் எட்டு மடங்கு விறைப்பு. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 அதிர்வுகளைத் தகட்டுக்குக் கொடுக்கிறது. மெல்லிய தகடு அதைத் தவில் தோல்போல வாங்கி முழக்கும், கனத்தது முணுமுணுப்போடு விட்டுவிடும். பழைய பெட்டியை விடாமல் வைத்துக்கொள்ள இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

முகப்பு மஞ்சளாகியிருக்கும். அது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அதிலுள்ள பியூட்டடையீன் பகுதியின் இரட்டைப் பிணைப்புகளை வெளிச்சத்தின் புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் தாக்கி நிறமுள்ள சேர்மங்களாக்குகின்றன. தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோமின் பொருள்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது பரவலான கருத்து. 2008 முதல் பழைய கணினி ஆர்வலர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி வெயிலில் வைத்து அதை வெளுக்கிறார்கள். வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நிறம் திரும்பும், ஆனால் உறுதி திரும்பாது. கிளிப்புகள் உடையும் பதத்திலேயே இருக்கும், சில ஆண்டுகளில் மஞ்சள் மறுபடி எட்டிப்பார்ப்பதும் உண்டு. அதனால் முகப்புக்குப் பெயிண்ட் அடிப்பதே மேல் என்பது என் முடிவு.

தகட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது கவனம் வேண்டும். வீட்டுக் கிரில்லுக்கு அடிக்கும் எனாமலைத் துத்தநாகத்தின்மேல் நேரடியாக அடித்தால், அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் துத்தநாகத்தோடு வினைபுரிந்து அடியில் மெல்லிய சோப்புப் படலமாகிவிடும், சில மாதங்களில் பெயிண்ட் தோலாக உரியும். உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, துத்தநாகத்துக்கென விற்கும் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஸ்பிரே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பளபளப்பு பால்போல் வெளுத்துவிடும்.

இப்போது ரேடியோ அலை. கணினியின் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பும் ஒரு சிறு ஒலிபரப்பு. வீட்டுக் கணினிகள் பக்கத்து டி.வி.யைக் கெடுக்கின்றன என்பதால் 1979-இல் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. கணினிகளுக்கென்றே விதி வகுத்தது. அதே காலத்து அட்டாரி 800 கணினியைத் திறந்தால் உள்ளே கனமான வார்ப்பு அலுமினியக் கவசம் இருக்கும். உலோகப் பெட்டி அலையை அடைக்கிறது, ஆனால் அதன் பலவீனம் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. அலை கசிவதைத் தீர்மானிப்பது ஓட்டையின் பரப்பைவிட அதன் நீளம். தலைமுடி அகலமே உள்ள இடுக்கானாலும், அதன் நீளம் அலைநீளத்தில் பாதியானால் அது ஆண்டெனா ஆகிவிடும். பக்கக் கதவின் ஓரத்தில் 40 செ.மீ. நீளத்துக்கு உலோகம் உலோகத்தைத் தொடாமல் இருந்தால், 375 மெகாஹெர்ட்ஸுக்கு அது நல்ல ஆண்டெனா. கதவின் விளிம்பில் வரிசையாகத் துருத்தி நிற்கும் குமிழ்களும் ஸ்பிரிங் நாக்குகளும் இதற்காகத்தான்: நீண்ட இடுக்கைச் சின்னச் சின்னதாக அவை துண்டு போடுகின்றன. அவற்றைத் தட்டிச் சமமாக்கக் கூடாது. அழகாக இருக்கட்டும் என்று உள்விளிம்புக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்தால், பெயிண்ட் மின்கடத்தாப் பொருள் என்பதால் அத்தனை தொடுபுள்ளிகளும் அறுந்துபோகும். ஆகவே உலோகம் உலோகத்தைத் தொடும் ஒவ்வொரு ஓரத்துக்கும் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். வெட்டிய விசிறித் துளைக்கும் பிளாஸ்டிக் கிரில் வேண்டாம். கம்பி கிரில்லைப் பெயிண்ட் இல்லாத இடத்தில் திருகினால் காற்று போகும், அலை பெருமளவு நிற்கும். அக்ரிலிக் ஜன்னல் அலையைத் தடுக்கவே தடுக்காது. எனக்கு அதில் விருப்பமில்லை.

கடைசியாக மின்சாரம். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருப்பதைப் பல வீடுகளில் உணர்ந்திருப்பார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் உண்டு. ஒன்று பேஸிலிருந்தும் மற்றது நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உடலுக்கு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் பெட்டி இரண்டுக்கும் நடுவே, 115 வோல்ட் அளவில் மிதக்கும். ஓடும் மின்னோட்டம் அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வேறு பழுது வந்தால் காப்பாற்ற அங்கே எர்த் இல்லை என்பதற்கு அது எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். திருகப்படும் நான்கு இடங்களிலும் வெற்று உலோகம் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் பூட்டியபின், சுவிட்சில் செருகுவதற்கு முன், மல்டிமீட்டரின் ஒரு முனையை மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளிலும் மறுமுனையைக் கதவு, மேல்தட்டு, விசிறி கிரில் ஒவ்வொன்றின் திருகிலும் வைத்துப் பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். காட்டாத இடத்தில் பெயிண்ட் குறுக்கே நிற்கிறது. திருகைக் கழற்றி, அதன் அடியில் உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியத் தேய்த்துவிட்டு மறுபடி அளந்தபின் சுவிட்சைப் போடலாம்.