ஓசியில் ஒரு ஹீட்டர்!

கொடைக்கானலில் சொந்த வீடு வைத்திருக்கும் நண்பன் கிடைப்பது பூர்வஜென்ம புண்ணியம். அவனே 'எல்லாத்தையும் நாமளே செஞ்சுடலாம்' என்கிற ரகமாகவும் இருந்துவிட்டால், அது பூர்வஜென்ம பாவம்! எனக்கு இரண்டும் ஒரே ஆளிடம் வாய்த்தது.

போன ஜனவரியில் ஆபீஸ் நண்பர்கள் இருவரோடு போய் இறங்கினேன். ஹாலில் ஓர் எண்ணெய் டிரம் கவிழ்ந்து நின்றது. அதன் அடியிலிருந்து சுவரோரமாக நீளமாய் ஒரு மண் திண்ணை.

"ஹீட்டர் மாப்ளே! நாலு சுள்ளி போட்டா விடிய விடிய சூடு. கரன்ட் செலவே கிடையாது. வீடியோ பார்த்துக் கட்டினேன்" என்றான் பெருமையாக.

இதற்கு 'ராக்கெட் மாஸ் ஹீட்டர்' என்று பெயர். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1980களில் லாரி வினியார்ஸ்கி உருவாக்கிய ராக்கெட் அடுப்பின் வாரிசு. விறகு எரிந்து, அனல் டிரம்முக்குள் உறுமிக்கொண்டு மேலே ஏறும். பிறகு திண்ணைக்குள் பதித்த குழாய் வழியே ஊர்ந்து, சூட்டையெல்லாம் மண்ணிடம் கொடுத்துவிட்டு வெளியே போகும். கொஞ்சம் விறகில் நிறைய சூடு. பி.காம். படித்த எனக்கே 'வரவு' பக்கம் பிரமாதமாகத் தெரிந்தது.

'பற்று' பக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

இரவு பத்து மணிக்குத் தீ அடங்கியது. உள்ளே கங்குதான். "சூடு வீணாப் போகக் கூடாது" என்று புகைக்குழாயின் தகட்டை மூடினான் நண்பன். ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஏற்கெனவே நியூஸ்பேப்பர் திணித்திருந்தான். திண்ணையையொட்டிப் பாய் விரித்து நால்வரும் படுத்தோம்.

நள்ளிரவில் எனக்குத் தலை பிளந்தது, குமட்டியது. 'மலைப்பாதை வளைவும் ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவும்தான் காரணம்' என்று புரண்டு படுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பாத்ரூம் போக எழுந்த நண்பனின் பாட்டி, என் முனகலைக் கேட்டுக் கதவைத் திறந்தார். அடுத்த நிமிஷம் ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. நானும் நண்பனும் தள்ளாடி வெளியே வந்தோம். இன்னொருவனும் எப்படியோ வந்துவிட்டான். கடைசி ஆள் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. வாசலுக்கு இழுத்துவந்து போட்டுக் கன்னத்தில் நாலு தட்டுத் தட்டிய பிறகுதான் கண் திறந்தான்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் கொடுத்த டாக்டர் சொன்ன பெயர், கார்பன் மோனாக்ஸைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. புகையே தெரியாத கங்கிலிருந்தும் வரும். நம் ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய ஸீட்டில், முன்னாடியே துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஆசாமி! ஹீமோகுளோபினோடு ஒட்டுவதில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டிக்காரன். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலா 1902-ல் பாரிஸில் தன் படுக்கையறையிலேயே இறந்ததும் இவனால்தான். புகைபோக்கி அடைத்திருந்தது.

இந்த ஹீட்டரின் சாமர்த்தியமே அதன் வில்லங்கமும். சூடான புகை தானாக மேலே ஓடும். சூட்டைப் பறிகொடுத்த புகைக்கு அந்தத் தெம்பு இருக்காது. குழாயில் சாம்பல் அடைத்தாலோ, எதிர்க்காற்று அடித்தாலோ, நம் நண்பன் மாதிரி யாராவது தகட்டை மூடினாலோ வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும்.

கட்டியே தீருவேன் என்பவர்கள் விஷயம் தெரிந்தவரை வைத்துக் கட்டுங்கள். பெட்ரோல் இருந்த டிரம்மை வெட்டப் போகாதீர்கள்; உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். மாடியில் வேண்டாம், மண் திண்ணையின் கனம் சாதாரணமில்லை. கங்கு முழுசாகச் சாம்பலாகும்வரை குழாயை மூடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று அவசியம். ஒரே அறையில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்தால் பரோட்டாவைத் திட்டாதீர்கள். முதலில் வெளியே ஓடுங்கள்! கரி போட்ட கணப்புச் சட்டிக்கும் இதே கதைதான்.

"கணப்பு மூட்டினா ஜன்னலைத் திறந்து வைக்கணும்னு எனக்கே தெரியும். இத்தனை வீடியோ பார்த்தியே, அதுல ஒருத்தனும் சொல்லலையாடா?" என்றார் பாட்டி.

"கடைசியில சொல்லியிருப்பான் பாட்டி. நான் பாதியிலேயே எழுந்து மண் குழைக்கப் போயிட்டேன்" என்றான் நண்பன்.