குரல் போனவருக்கு விழுந்த வோட்டு

தாம்பரத்தில் மின்சார ரயிலேறிப் பட்டணம் போய் வரும் வாசகிகளுக்கு அந்தக் குன்று பழக்கமானதுதான். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கழிந்து பரங்கிமலை வரும். அந்தப் பெயரில் இப்போது சட்டசபைத் தொகுதி கிடையாது. முன்பு இருந்தது. 1967-ஆம் வருஷம் பிப்ரவரியில் அங்கே ஒரு விநோதமான தேர்தல் நடந்தது. அபேட்சகர் ஒருவர் எந்தத் தெருவுக்கும் வரவில்லை. எந்த மேடையிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படிப் பேசுவார்? கழுத்தில் கட்டுடன் ஆஸ்பத்திரியில் அல்லவா படுத்திருந்தார்! ஆனால் ஜெயித்தது அவர்தான்.

எம்.ஜி.ஆர். என்று சொல்லவும் வேண்டுமோ?

சினிமா எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. சட்டசபை அங்கத்தினர் எம்.ஜி.ஆரைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிப்பதில்லை. 1962-இல் மேல்சபைக்குப் போனவர், இரண்டு வருஷத்தில் அதை ராஜிநாமா செய்தார். பிறகு 1967-இலும் 1971-இலும் பரங்கிமலை, 1977-இல் அருப்புக்கோட்டை, 1980-இல் மதுரை மேற்கு, 1984-இல் ஆண்டிப்பட்டி. நின்ற தேர்தல் ஒன்றிலும் தோற்கவில்லை.

1967 ஜனவரி 12-ஆம் தேதிக்குப் போவோம். பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், நந்தம்பாக்கம் தாண்டி, ராமாவரம் தோட்டம். பொங்கலுக்கு வீடுகளில் வெள்ளையடித்துக் கொண்டிருந்த சமயம். அன்று மாலை அந்த வீட்டில் நடிகர் எம்.ஆர். ராதாவும் எம்.ஜி.ஆரும் குண்டடி பட்டார்கள். வழக்கு, தண்டனை எல்லாம் தனிக் கதை, இங்கே வேண்டாம். எம்.ஜி.ஆருக்கு இடது காதருகே பாய்ந்த குண்டு கழுத்தில் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் கூடி அழுதார்கள். கழுத்துக் கட்டுடன் அவர் இருக்கும் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் ஏறிற்று. தொகுதியில் அதுதான் அவருடைய பிரசங்கம்.

காங்கிரஸ் அபேட்சகரைவிட 27,000 வோட்டுக்கு மேல் அதிகம் பெற்றார். அந்தச் சுவரொட்டிதான் தமிழ்நாட்டில் ஆட்சியையே மாற்றியது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பூரண சம்மதம் இல்லை. அரிசிக்காகக் கால் கடுக்க நின்ற நம் தாய்மார்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று ஒரு கட்சி சொன்னபோது அடுப்படியில் இருந்தவர்களின் காதில் அது விழாமலா இருக்கும்? 1965-ஆம் வருஷத்து ஹிந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடும் ஆறவில்லை. ஆனாலும், சுவரொட்டியைப் பார்த்துக் கண் கலங்கிய பெண்களின் வோட்டு பரங்கிமலையில் எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை.

பிழைத்து வந்தவரின் குரல் பழைய குரலாக இல்லை. அதே வருஷம் வெளிவந்த 'காவல்காரன்' படத்தைக் கவனித்துக் கேளுங்கள். சில காட்சிகளில் பழைய குரல், சிலவற்றில் புதுக் குரல். வேறொருவரைப் பேச வைக்க அவர் சம்மதிக்கவில்லை. சட்டசபைக்காரனுக்கு நாக்குத்தானே ஆயுதம்? அண்ணாவும் கருணாநிதியும் பேசிய சபையில் இவர் பெரிய வாதக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. அவர் பேசியதும் பெரும்பாலும் வெளியில்தான். 1972-இல் கட்சியின் பொருளாளராக இருந்தவர், திருக்கழுக்குன்றத்துப் பொதுக் கூட்டத்தில் கணக்குக் கேட்டார். கட்சியை விட்டு விலக்கினார்கள். அக்டோபர் 17-ஆம் தேதி புதுக் கட்சி பிறந்தது. ஐந்து வருஷத்துக்குள், 1977 ஜூன் 30-இல் முதன்மந்திரி.

முதன்மந்திரியாகச் செய்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1917-இல் இலங்கை நாவலப்பிட்டியில் பிறந்து, சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். தாயார் சத்தியபாமா இரண்டு பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து பட்ட பாடு கொஞ்சமல்ல. பசி தாங்காமல் நாடகக் கம்பெனியில் சேர்ந்த பிள்ளை, 1982 ஜூலை 1-இல் திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு 1956-இலேயே காமராஜர் ஆரம்பித்தது; இவர் அதைப் பெரிதாக்கினார். அந்தச் சமையல் கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1981-இல் மதுவிலக்கைத் தளர்த்தியதும் அவர் அரசாங்கமே. பிள்ளைக்குச் சோறு போட்ட கையே புருஷனுக்குச் சாராயக் கடையைத் திறந்ததே என்று நொந்துகொண்ட பெண்கள் எத்தனை பேரோ! 1986-இல் மேல்சபையையும் எடுத்துவிட்டார். தாம் முதன்முதல் படியேறிய சபை என்ற பாசம் குறுக்கே நிற்கவில்லை.

விதி அவர் குரலோடு மறுபடியும் விளையாடியது. 1984 அக்டோபரில் சிறுநீரகம் கெட்டு, பக்கவாதமும் தாக்கிற்று. அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அண்ணன் சக்கரபாணியின் மகள் சிறுநீரகம் கொடுத்தார். படுக்கையிலிருந்தபடியே ஆண்டிப்பட்டிக்கு மனுப் போட்டார். தொகுதியில் கால் வைக்கவில்லை, பேசவில்லை. டிசம்பர் 24-இல் வோட்டுப் பதிவு. மறுபடியும் வெற்றி! பதினேழு வருஷத்துக்கு முன் பரங்கிமலையில் நடந்ததை, சமுத்திரம் தாண்டி இருந்துகொண்டு இன்னொரு தடவை நடத்திக் காட்டினார். அதற்குப் பிறகு பேச்சு பழையபடி தெளியவேயில்லை. அவர் சொல்வதைப் பக்கத்தில் இருப்பவர்கள் ஊகித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

1987 டிசம்பர் 24-ஆம் தேதி அதே ராமாவரம் தோட்டத்தில் காலமானார். சொந்தப் பிள்ளைகள் இல்லை. அந்த வருஷத் தொடக்கத்திலேயே உயில் எழுதி வைத்திருந்தார். பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கிப் பூந்தமல்லி சாலையில் போனால் அந்தத் தோட்டத்தை நீங்கள் பார்க்கலாம். உயிலில் அவர் விரும்பியபடியே, காது கேளாத, வாய் பேச இயலாத குழந்தைகளின் பள்ளிக்கூடம் அங்கே அமைந்தது.