பிரிட்டன் – அயர்லாந்து பேருந்துச் சுற்றுலா: பணம் கட்டும் முன் படிக்க வேண்டியவை

தோட்டப்புறத்தில் வளர்ந்த தலைமுறைக்கு லண்டன் என்பது துரைமார்கள் விடுமுறைக்குப் போய் வந்த ஊர். நம்மவர்கள் பால் வெட்டிய தோட்டங்கள் பலவற்றின் தலைமை அலுவலகமும் அங்கேதான் இருந்தது. அந்த ஊரை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஓய்வூதியத்திலும் ஊழியர் சேமநிதியிலும் ஒரு பகுதியை எடுத்து வைத்திருப்பவர்கள் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இன்றும் இருக்கிறார்கள்.

வயதான தம்பதியருக்கு வசதியாகத் தெரிவது, வழிகாட்டியுடன் கூடிய பேருந்துச் சுற்றுலா. பெட்டியை அவர்களே ஏற்றுவார்கள், தங்குமிடத்தை அவர்களே பார்ப்பார்கள், வழி தேடி அலைய வேண்டியதில்லை. "எல்லாம் கம்பெனிக்காரங்க பார்த்துக்குவாங்க" என்று வீட்டுக்காரர் சொல்ல, வீட்டுக்காரியும் நிம்மதியாகிவிடுகிறார். ஆனால் வழிகாட்டியின் பொறுப்பு பெரும்பாலும் லண்டனில் இறங்கிய பிறகே தொடங்குகிறது. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று தவறினாலும், கட்டிய பணம் போய்விடலாம். விமானத்தில் ஏற முடியாமல் போகவும் கூடும்.

உரிமம் இருக்கிறதா?

மலேசியாவில் சுற்றுலா நடத்தும் நிறுவனம், 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின் கீழ் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணை விளம்பரத்திலும் ரசீதிலும் பார்த்து, அமைச்சிடம் சரிபார்த்துக்கொள்வது முதல் வேலை. கோயில் குழு, நண்பர் குழு, வாட்ஸ்அப் குழு என்று யார் ஏற்பாடு செய்தாலும் பணம் போய்ச் சேரும் கணக்கு உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரில் இருப்பதே பாதுகாப்பு. தனிநபர் கணக்கில் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து, விலைக்குள் எவை அடங்கும், எவை அடங்காது என்ற பட்டியல். மதிய உணவு பெரும்பாலும் சேராது. சில நுழைவுச் சீட்டுகள் "விருப்பச் சுற்றுலா" என்ற பெயரில் தனியாக விற்கப்படும். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு அன்பளிப்பு என்பது சிறிய எழுத்தில் இருக்கும். துணையை இழந்து தனியாகப் பயணம் செய்பவர்கள், தனி அறைக்கான கூடுதல் கட்டணத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். மலிவாகத் தெரிந்த சுற்றுலா, இந்த ஒரு வரியால் எட்டாத விலைக்குப் போய்விடும்.

ஏமாற்றம் நேர்ந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 2019 முதல் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது, பயணத்திட்டம், பரிமாறிக்கொண்ட செய்திகள் ஆகியவை கையில் இருக்க வேண்டும்.

ஒரே பேருந்து, இரண்டு நாடுகள்

இந்தச் சுற்றுலாவில் பலர் கவனிக்காத விஷயம் இது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் சேர்ந்தது ஐக்கிய இராச்சியம். டப்ளினைத் தலைநகராகக் கொண்ட அயர்லாந்து குடியரசு வேறு நாடு. அது ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தது. அங்கே செலவாகும் பணம் யூரோ. வட அயர்லாந்தின் பெல்பாஸ்டில் மீண்டும் பவுண்டு. இரண்டுக்கும் இடையே சாலையில் தடுப்பு எதுவும் இல்லாததால், நாடு மாறியதே பயணிக்குத் தெரியாது. சட்டத்துக்கு மட்டும் அது தெரியும்.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு பிரிட்டனில் ஆறு மாதம் வரை சுற்றிப் பார்க்க விசா வேண்டியதில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் மின்னியல் பயண அனுமதி கட்டாயமாகிவிட்டது. ஆங்கில எழுத்துகளில் இ.டி.ஏ. என்று அழைக்கப்படும் இதைக் கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பெற வேண்டும். கட்டணம் 10 பவுண்டில் தொடங்கி, 2025 ஏப்ரலில் 16 பவுண்டாக உயர்ந்தது. மேலும் மாறக்கூடியது என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். அனுமதி இரண்டு ஆண்டுகள் செல்லும். அதற்குள் கடப்பிதழைப் புதுப்பித்தால் அனுமதியையும் புதிதாகப் பெற வேண்டும். பிரிட்டன் அரசின் சொந்தச் செயலி அல்லது இணையத்தளம் வழியாகவே விண்ணப்பிப்பது நல்லது. அரசுத் தளம் போலவே தோற்றமளித்து அதிகப் பணம் கறக்கும் தனியார் தளங்களும் உண்டு.

அயர்லாந்து குடியரசுக்கு இந்த அனுமதி செல்லாது. அங்கே மலேசியருக்கு 90 நாள் வரை விசா விலக்கு இருக்கிறது. ஆனால் டப்ளினிலிருந்து பெல்பாஸ்டுக்கோ வேல்ஸுக்கோ பேருந்து திரும்பும்போது மீண்டும் பிரிட்டன் அனுமதி தேவை.

சிக்கல் வருவது கலப்புக் குடும்பங்களில்தான். கணவர் மலேசியர், மனைவி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், இன்னும் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்லது அம்மாவிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. விசா தேவையா என்பதை முடிவு செய்வது கடப்பிதழ். எத்தனை ஆண்டுகள் கிள்ளானில் வாழ்ந்தோம் என்பது அங்கே கணக்கில் வராது. இந்தியக் கடப்பிதழுக்கு பிரிட்டன் விசா தேவை. அயர்லாந்துக்கு என்ன தேவை என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரு நாடுகளுக்கும் ஒரே விசா என்ற ஏற்பாடு 2014இல் தொடங்கியது உண்மை. ஆனால் அது இந்தியாவிலும் சீனாவிலும் இருந்து விண்ணப்பிக்கும் அந்நாட்டுக் குடிமக்களுக்காக உருவானது. மலேசியாவில் வசிப்பவர்கள் கோலாலம்பூரில் உள்ள அயர்லாந்துத் தூதரகத்திடம் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகே முன்பணம் கட்ட வேண்டும். குழுவில் எல்லாரும் விமானம் ஏற, அம்மா மட்டும் விமான நிலைய முகப்பிலிருந்து திரும்பி வரும் நிலை யாருக்கும் வேண்டாம்.

பெட்டி கீழே, கைப்பை மேலே

இத்தகைய சுற்றுலாக்களில் ஆளுக்கு ஒரு பெரிய பெட்டிதான் பொதுவாக அனுமதி. அது காலையில் பேருந்தின் அடியில் போனால் இரவு தங்குமிடத்தில்தான் கண்ணில் படும். அயர்லாந்துக்குக் கப்பலில் கடக்கும்போது இன்னும் கவனம் தேவை. வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகத்திலிருந்து டப்ளினுக்கு ஏறக்குறைய மூன்றேகால் மணி நேரம். பேருந்து கப்பலின் கீழ்த்தளத்தில் நிற்கும். பயணிகள் மேல்தளத்துக்குப் போய்விட வேண்டும். கரை சேரும்வரை கீழே இறங்க விடமாட்டார்கள். மருந்து, குளிராடை, கடப்பிதழ், கண்ணாடி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும்.

வானிலையும் திட்டத்தை மாற்றும். 2024 டிசம்பரில் வீசிய டாரா புயலில் ஹோலிஹெட் துறைமுகம் சேதமடைந்து, 2025 ஜனவரி 16 வரை படகுகள் ஓடவில்லை. பயணிகள் வேறு துறைமுகங்களுக்கு மாற வேண்டியதாயிற்று. பயணக் காப்புறுதி எடுக்கும்போது, பயணம் தாமதமானாலோ ரத்தானாலோ என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

மின்சாரச் செருகி பற்றிய கவலை வேண்டாம். மலேசியாவில் உள்ள அதே மூன்று முனைச் செருகிதான் இரு நாடுகளிலும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள்

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. எனவே எந்தச் சுற்றுலாக் குழுவிலும் இன்சுலின் போடுபவர் ஒருவராவது இருக்கக்கூடும்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. விமானத்தின் சரக்கறைக் குளிரில் அது உறைந்து கெட்டுவிடலாம். மருந்துகளின் பொதுப்பெயர்களை எழுதிய மருத்துவர் கடிதம் கையில் இருக்க வேண்டும். பிரிட்டன் நேரம் கோடையில் ஏழு மணி நேரமும் குளிர்காலத்தில் எட்டு மணி நேரமும் நமக்குப் பின்னால் இருக்கிறது. மேற்கு நோக்கிப் பறக்கும் அந்த ஒரு நாள் முப்பது மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. ஊசியை எப்போது, எவ்வளவு போடுவது என்பதைப் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குவது அவசியம்.

பிரிட்டனில் மருத்துவம் இலவசம் என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் தரப்படும் முதல் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் வெளிநாட்டுப் பயணியிடம் வழக்கமான செலவில் 150 விழுக்காடு வசூலிப்பார்கள். காப்புறுதிப் படிவத்தில் இனிப்பு நீர், இரத்த அழுத்தம், இருதயச் சிகிச்சை எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தது தெரிந்தால் காப்புறுதி கைவிரித்துவிடும்.

நடையையும் கணக்கிட வேண்டும். எடின்பரோ கோட்டைக்குப் போகும் வழி ஏற்றம், தரையெல்லாம் கல் பதித்தது. ஸ்டோன்ஹெஞ்சில் வருகையாளர் மையம் கற்களிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து சிறு பேருந்து உண்டு. வட அயர்லாந்தின் ஜயண்ட்ஸ் காஸ்வே கடற்கரையிலும் அப்படியே. ஒரு மாதம் முன்னதாகவே, போட்டுப் பழகிய காலணியோடு பக்கத்துத் திடலில் தினமும் நடந்து பார்ப்பது நல்லது.

பசியாறலும் புளிச்சாதமும்

விடுதிகளின் காலை உணவில் பன்றி இறைச்சியும், பன்றி இரத்தம் சேர்த்த கறுப்பு நிறத் துண்டுகளும் இருக்கும். மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் சைவர்களும் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உருளைக்கிழங்கு வறுவல் சைவம்தானே என்று நம்பிவிடவும் முடியாது. குறிப்பாக வட இங்கிலாந்தில் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் உண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடலாம்.

வீட்டிலிருந்து எதைக் கொண்டு போவது? மலேசியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் பயணியின் பெட்டியில் போகக் கூடாது. இரு நாடுகளிலும் இதுவே விதி. கோழி ரெண்டாங், பால்கோவா, தயிர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் காய்கறி, இலை, விதைகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். புளிச்சாதப் பொடி, பருப்புப் பொடி, எண்ணெயில் ஊறிய மாங்காய் ஊறுகாய் போதும்.

பழைய நோட்டு செல்லுமா?

முன்பு போய் வந்த உறவினர் கொடுத்த பவுண்டு நோட்டு பல வீடுகளின் அலமாரியில் கிடக்கிறது. காகிதத்தில் அச்சிட்ட 5 பவுண்டு நோட்டு 2017லும், 10 பவுண்டு 2018லும், 20, 50 பவுண்டு 2022 செப்டம்பர் 30க்குப் பிறகும் கடைகளில் செல்லாமல் போயின. இப்போது புழங்குவது பிளாஸ்டிக் நோட்டு. பழையவற்றை இங்கிலாந்து வங்கியில் மாற்றலாம். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் வங்கிகள் தாமே நோட்டு வெளியிடுகின்றன. அவையும் பவுண்டுதான் என்றாலும் இங்குள்ள நாணய மாற்றுக் கடைகளில் அவற்றை மாற்றுவது கடினம். அங்கேயே செலவழித்துவிடுவது மேல்.

ஐந்து நிமிடத் தாமதம்

வழிகாட்டி ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்று நம்மவர்கள் முணுமுணுப்பதுண்டு. பேருந்து ஓட்டுநர் பொதுவாக நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வாரத்தில் இரு நாள் மட்டும் 10 மணி நேரம். நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தாக வேண்டும். இதை வண்டியிலுள்ள கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும். கடையில் ஒருவர் தாமதித்தால், மாலையில் பார்க்க வேண்டிய ஓர் இடத்தை முப்பது, நாற்பது பேர் இழக்கக்கூடும்.

புறப்பாட்டுக்கு ஆறு மாதம் முன்பே கடப்பிதழின் காலாவதி நாளையும், மலேசியர் அல்லாத குடும்பத்தினரின் விசாவையும் பார்த்துவிட வேண்டும். மூன்று மாதம் முன்பு மருத்துவரையும் காப்புறுதி நிறுவனத்தையும் சந்திக்கலாம். ஒரு மாதம் முன்பு மின்னியல் அனுமதி. முந்தின நாள், எல்லா ஆவணங்களின் நகலையும் வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படலாம்.