ஐ.சி.யூ.வில் குழாய் உணவு: எப்போது தொடங்குவார்கள்?

"உள்ளே போய் இரண்டு நாளாகிறது. ஒரு வாய் கஞ்சிகூடக் கொடுக்கவில்லையே!" தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பங்களிடம் அடிக்கடி கேட்கும் வேதனை இது.

வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு, மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் குழாயில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உணவைத் தொடங்க வேண்டும் என்கிறது 2016-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல். 2019-இன் ஐரோப்பிய வழிகாட்டுதலும் 48 மணி நேரத்தையே எல்லையாகச் சொல்கிறது. உணவு இறங்கினால்தான் குடலின் உட்சுவர் வலுவாக இருக்கும்.

ஆனால் சிலருக்குத் தாமதமே சிகிச்சை. இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதபோது குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்துவிடும். அந்த நேரத்தில் உணவைச் செலுத்தினால் குடல் திசு அழுகும் ஆபத்து உண்டு. இரைப்பையில் இரத்தக்கசிவு, குடல் அடைப்பு இருந்தாலும் காத்திருப்பார்கள்.

பிரான்சில் செயற்கைச் சுவாசத்திலும் இரத்த அழுத்த மருந்திலும் இருந்த 2,410 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2018-இல் அதன் முடிவு வெளியானது. தொடக்கத்திலேயே குழாயில் உணவு பெற்றவர்களில் 19 பேருக்குக் குடலில் இரத்த ஓட்டம் தடைபட்டது. நரம்பு வழியாக ஊட்டச்சத்து பெற்றவர்களில் 5 பேருக்கே அப்படி நேர்ந்தது. இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அழுத்தம் சீரானதும் சிறிய அளவில் தொடங்கி, சில நாட்களில் முழு அளவுக்கு உயர்த்துவார்கள். தொடங்கிய பிறகும் ஸ்கேன், அறுவை சிகிச்சை போன்றவற்றுக்காக உணவு நிறுத்தப்படலாம். ஐ.சி.யூ.வில் உணவு ஏன் இடையில் தடைபடுகிறது என்பதையே சென்னை அப்போலோ மருத்துவமனைக் குழுவினர் 2014-இல் ஓர் ஆய்வாக வெளியிட்டார்கள். ஆகவே குடும்பத்தார் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: உணவு தொடங்கியாயிற்றா? இல்லையென்றால் என்ன காரணம்? நிறுத்தியிருந்தால் மீண்டும் எப்போது?

ஜம்ஜம் நீர், தேன், வீட்டுக் கஞ்சி எதுவானாலும் நர்ஸிடம் கேட்காமல் வாயிலோ குழாயிலோ ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. உணவு ஏறும்போது தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும்.

ரமளானிலும் பகல் நேர உணவை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. நோயாளிகள் வேறு நாட்களில் நோன்பு நோற்கலாம் என்று அல்குர்ஆன் (2:184) சலுகை தந்திருக்கிறது.